ஆடிட்டர் ஆகப் படிக்கும் பிள்ளைகளும் அவர்களைச் சுற்றி இருக்கும் நாமும்

2024 நவம்பரில் ஒரு தேர்வு அட்டவணை தமிழ்நாட்டில் பேச்சானது. சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வின் ஒரு தாளை 2025 ஜனவரி 14ஆம் தேதி, அதாவது பொங்கலன்று வைத்திருந்தார்கள். மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் எதிர்ப்புத் தெரிவித்தார்; பலரும் குரல் சேர்த்தார்கள். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் அந்தத் தாளை 16ஆம் தேதிக்குத் தள்ளி வைத்தது.

சி.ஏ. தேர்வு என்றாலே அது அந்தந்த வீட்டின் கவலை, அந்தந்தப் பிள்ளையின் தலையெழுத்து என்று விட்டுவிடுவது நம் வழக்கம். அந்த ஒரு முறை அப்படி விடவில்லை. நம் பிள்ளைகள் எழுதும் தேர்வு, நாம் கேட்போம் என்று ஊர் கேட்டது, பதிலும் கிடைத்தது. ஆனால் நாம் பேசியது ஒரே ஒரு நாளைப் பற்றித்தான். ஒரு பிள்ளை ஆடிட்டர் ஆவதற்குள் கழிகிற மற்ற ஆண்டுகளைப் பற்றியும் அதே அக்கறையோடு பேச வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறோம்.

முதலில் தேர்வின் கணக்கு. ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல் என்று மூன்று படிகள். 2023 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தின்படி இன்டருக்கு ஆறு தாள், ஃபைனலுக்கு ஆறு தாள்; மூன்று மூன்றாக இரண்டு குரூப். ஒவ்வொரு தாளிலும் 40 எடுக்க வேண்டும், குரூப்பின் மொத்தத்தில் பாதியும் எடுக்க வேண்டும். மூன்று தாளிலும் 49 வாங்கிய பிள்ளை ஒரு தாளில்கூடத் தவறவில்லை. ஆனால் மொத்தம் 147, மூன்று மதிப்பெண் குறைகிறது, குரூப் போயிற்று. இரண்டு தாளில் 70, மூன்றாவதில் 39 என்றாலும் குரூப் போயிற்று. 60 அல்லது அதற்கு மேல் வாங்கிய தாளுக்கு எக்ஸெம்ப்ஷன், அதாவது விலக்கு உண்டு. மீதியை மறுபடி எழுத வேண்டும்.

2024 நவம்பர் ஃபைனலில் இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதியவர்கள் 30,763 பேர். தேறியவர்கள் 4,134 பேர், அதாவது 13.44 சதவீதம். அதே ஆண்டு மே மாதம் அது 19.88 சதவீதமாக இருந்தது. ஜூனில் நடந்த ஃபவுண்டேஷனில் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர் எழுதி 14.96 சதவீதம் பேர் தேறினார்கள். இவை நாடு முழுவதற்குமான எண்கள். தேர்வு கடினமாக இருப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. அடுத்தவர் பணத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறவரைக் கடுமையாகச் சோதித்துத்தான் அனுப்ப வேண்டும். தரத்தைக் குறைத்துத் தேர்ச்சியைக் கூட்டச் சொல்லும் எந்தக் கோரிக்கைக்கும் எங்கள் ஆதரவு இல்லை. ஆனால் நூற்றில் எண்பத்தைந்து பேர் தோற்கிற ஒரு தேர்வில், தோல்வி முழுவதையும் அந்தப் பிள்ளைகளின் உழைப்புக் குறைவில் போட்டுவிட்டு மற்ற எல்லோரும் ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை.

அந்தக் கையெழுத்தின் மதிப்பைச் சென்னை மயிலாப்பூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1906 அக்டோபர் 22ஆம் தேதி சென்னையின் பெரிய வெள்ளைக்கார வணிக வங்கியான அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. பென்ஷன்காரர்கள், விதவைகள், சிறு வியாபாரிகள் என்று நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். அந்த அடியிலிருந்துதான் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து அதே மயிலாப்பூரில், 1872இல் தொடங்கிய இந்து பெர்மனென்ட் ஃபண்டில் போட்ட பணம் திரும்பக் கிடைக்கவில்லை என்று 2024இல் முதலீட்டாளர்கள் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போனார்கள். யார் மீது என்ன தவறு என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். மகளின் கல்யாணத்துக்கும் தன் மருந்துச் செலவுக்கும் என்று வைத்திருந்த பணத்துக்காகப் பெரியவர்கள் வெயிலில் வரிசை கட்டியதை நாம் பார்த்தோம்.

ரங்கநாதன் தெருப் பாத்திரக் கடையின் ஜி.எஸ்.டி., அடையாறு அடுக்குமாடிச் சங்கத்தின் வருடக் கணக்கு, சபாக்களின் வரவு செலவு, கோயில் அறக்கட்டளையின் தணிக்கை, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓர் ஆடிட்டரைத்தான் நாடுகிறோம். நன்றாகப் பயின்ற, பயம் இல்லாத, நேர்மையான ஆடிட்டர் நமக்குத் தேவை. அவர் உருவாகிற ஆண்டுகளில் நமக்கு எந்தப் பங்கும் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்த ஊரிலேயே அதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆர். சிவபோகம் நம் சென்னைக்காரர். 1907இல் பிறந்தார். ராணி மேரிக் கல்லூரியில் படித்தார். பெண்கல்விக்குப் பாடுபட்ட ‘சகோதரி’ சுப்புலட்சுமியின் நிழலில் வளர்ந்து, சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி, வேலூர்ச் சிறைக்குப் போனார். கணக்கியல் படிப்பது என்ற முடிவை அவர் எடுத்தது சிறையில்தான். வெளியே வந்து அரசுக் கணக்கியல் டிப்ளமா தேர்வில் 1933இல் தேறினார். சி.எஸ். சாஸ்திரி என்ற சென்னை ஆடிட்டரிடம் பயிற்சி பெற்றார். அதற்குள் ஒரு சட்டம் குறுக்கே நின்றது: சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது. சிவபோகம் அதை எதிர்த்து வழக்காடி வென்றார். 1937இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1949இல் பட்டயக் கணக்காளர் சட்டம் வந்து இன்றைய நிறுவனம் பிறந்தபின், 1955 முதல் 1958 வரை அதன் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைவராக இருந்தார்.

அவருடைய துணிச்சலை எத்தனை பாராட்டினாலும் தகும். கூடவே அவருக்குப் பின்னால் நின்றவர்களையும் பார்க்க வேண்டும். பெண் பிள்ளை படிக்க வேண்டும் என்று ஊரோடு மல்லுக்கு நின்ற ஒரு சுப்புலட்சுமி இருந்தார். ஒரு பெண்ணை, அதுவும் சிறைக்குப் போய் வந்த பெண்ணை, 1930களில் தன் அலுவலகத்தில் உட்கார வைத்துத் தொழில் கற்றுத் தந்த ஓர் ஆடிட்டர் இருந்தார். வழக்கின் நியாயத்தைக் கேட்ட நீதிமன்றம் இருந்தது. ஆசிரியரும் தொழில் குருவும் சட்டமும் தங்கள் தங்கள் வேலையைச் செய்ததால் நாட்டுக்கு ஒரு முன்னோடி கிடைத்தார்.

இன்று அந்தத் தொழில் குருவின் இடத்தில் இருப்பவர்கள் நம் ஆடிட்டர் அலுவலகங்கள். சி.பி. ராமசாமி சாலையிலும் பர்கிட் சாலையிலும் மேற்கு மாம்பலத்தின் மாடிப்படி இடுக்குகளிலும் தொங்கும் பெயர்ப் பலகைகளுக்குப் பின்னால் ஆர்ட்டிகிள்ஸ் பிள்ளைகள், அதாவது சி.ஏ. படிப்பின் கட்டாயப் பயிற்சியில் இருப்பவர்கள், வேலை பார்க்கிறார்கள். இந்தப் பயிற்சி சரியாக நடக்கும் அலுவலகங்களில் பிள்ளைகள் எப்படி மலர்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறோம். பயிற்சி தரும் ஆடிட்டரான பிரின்சிபல் சரக்குக் கிடங்குக்கு அழைத்துப் போய் இருப்பு எண்ணச் சொல்கிறார். ஒரு வவுச்சரைக் கையில் கொடுத்து, இதில் என்ன தப்பு என்று கேட்கிறார். வாடிக்கையாளர் கோபப்படும்போது எப்படி நிலையாக நிற்பது என்று தன் நடத்தையாலேயே காட்டுகிறார். இப்படிப் படித்ததைத் தேர்வு அறையில் மறக்க முடியாது. புதிய திட்டத்தில் இன்டர், ஃபைனல் தாள்களில் முப்பது சதவீதம் சூழ்நிலையைக் கொடுத்து விடை தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகள். வேலை தெரிந்த பிள்ளைக்கு அது பெரிய பலம்.

மறுபக்கம் இரண்டு நோய்கள். ஒன்று, பிள்ளையைப் பயிற்சியின் இரண்டு வருடமும் ஒரே வேலையில் வைத்துத் தேய்ப்பது. ஒரு நிறுவனத்தின் தணிக்கையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு முறைகூடப் பார்க்காமல், ரிட்டர்ன் பதிவேற்றியும் பேங்குக்கு நடந்தும் பயிற்சியை முடித்தவர்கள் உண்டு. இன்னொன்று அதைவிடக் கெட்டது: டம்மி ஆர்ட்டிகிள்ஸ். பயிற்சிக்குப் போகாமலே போனதாகக் காகிதம். வீட்டில் இருந்து படித்தால் தேறிவிடலாம் என்று பிள்ளை நினைக்கிறது, பெற்றோர் இடம் தேடித் தருகிறார்கள், யாரோ ஓர் ஆடிட்டர் கையெழுத்துப் போடுகிறார். பட்டயக் கணக்காளர் நிறுவனம் இதைத் தடை செய்திருக்கிறது. கண்டுபிடித்தால் நடவடிக்கையும் உண்டு. ஆனால் மூன்று தரப்பும் ஒத்துக்கொண்டு செய்யும் பொய்யை வெளியில் இருந்து பிடிப்பது கடினம். மற்றவர் கணக்கில் பொய் இருக்கிறதா என்று பார்க்கும் தொழிலுக்குள் ஒரு பொய்ச் சான்றிதழோடு நுழைவதை எந்தத் தேர்ச்சியும் கழுவாது. பெற்றோர்களிடம் கைகூப்பிக் கேட்கிறோம்: அந்த வாசலுக்குப் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள்.

புதிய திட்டத்தில் இன்னொரு மாற்றம் போதிய கவனம் பெறவில்லை. பயிற்சி மூன்று ஆண்டில் இருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது; நல்லது. இன்டரின் இரண்டு குரூப்பும் தேறிய பிறகே பயிற்சி தொடங்கும். அதுவும் நல்லது, வேலைக்கும் படிப்புக்கும் நடுவில் பிள்ளை கிழியாது. ஆனால் பயிற்சி முடிந்து ஆறு மாதம் ஆன பிறகே ஃபைனல் எழுத முடியும். படிப்பதற்கென்றே கொடுத்த காலம் அது. வசதியுள்ள வீட்டுக்கு அது வரம். ஆனால் அப்பா ஆட்டோ ஓட்டும் வீட்டில், அம்மா இட்லிக் கடை நடத்தும் வீட்டில், இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஆறு மாதம் பயிற்சிக்கால ஸ்டைபெண்டும் இல்லாமல் சம்பளமும் இல்லாமல் உட்கார்ந்து படிப்பது லேசான காரியமா? முதல் அட்டெம்ப்ட் தவறினால் அது இன்னும் நீளும். ஃபைனல் இப்போது ஆண்டுக்கு மூன்று முறை நடப்பது சிறு ஆறுதல். வெளியூரில் இருந்து வந்து மேன்ஷனிலோ ஹாஸ்டலிலோ தங்கியிருக்கும் பிள்ளை அந்த ஆறு மாதத்தின் சாப்பாட்டுச் செலவுக்காகவே ஒரு கணக்கு வேலையில் சேர்ந்து, தேர்வைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போவது நடக்கிறது. தகுதியுள்ள பிள்ளைகளை நாம் இந்த இடத்தில்தான் சத்தமில்லாமல் இழக்கிறோம்.

இதை ஒருவர் தீர்க்க முடியாது. பலர் கொஞ்சம் கொஞ்சம் தீர்க்கலாம். தன்னிடம் இரண்டு ஆண்டு உழைத்த பிள்ளைக்கு அந்த ஆறு மாதம் பாதி ஸ்டைபெண்டையாவது தொடர்வது பெரிய அலுவலகங்களுக்கு முடியாத செலவில்லை. சிறிய அலுவலகங்களுக்கு அந்தப் பளு தாங்காது. அவர்களுக்காக நுங்கம்பாக்கத்தில் இருக்கும் தென்னிந்திய மண்டலக் குழு மூத்த ஆடிட்டர்களிடம் நிதி திரட்டி, திருப்பித் தரக்கூடிய கடனாகக் கொடுக்கலாம். தேறிய பிள்ளை முதல் சம்பளத்தில் இருந்து திருப்பித் தரும். அடுத்த பிள்ளைக்குப் போகும். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் கல்விக்கென்று நடக்கும் அறக்கட்டளைகள் பல. பள்ளிக் கட்டணத்துக்கும் பொறியியல் கட்டணத்துக்கும் கொடுக்கும் கை, இந்த ஆறு மாதத்துக்கும் நீள வேண்டும்.

மொழியைப் பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும். சி.ஏ. தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம். தமிழில் எழுத முடியாது. மாநகராட்சிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியலைத் தமிழில் படித்து, பேரேடும் இருப்பாய்வும் பிசகாமல் போடும் பெண் பிள்ளைக்குக் கணக்கில் குறை எதுவும் இல்லை. கேள்வியின் ஆங்கிலம்தான் அவளைத் தடுக்கிறது. தமிழில் எழுதும் உரிமையைக் கேட்பது நியாயமான கோரிக்கை, அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கிடைக்கும் வரை அவளைக் காக்க வைக்கவும் முடியாது. பட்டயக் கணக்காளர் நிறுவனம் இணையவழி வகுப்புகளை இலவசமாகவே நடத்துகிறது. தமிழக அரசின் தாட்கோ நிறுவனம் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு சி.ஏ. இன்டர் பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. இவற்றுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் ஒரு கை இல்லை. விவேகானந்தா கல்லூரி போன்ற வணிகவியல் பாரம்பரியம் உள்ள கல்லூரிகளின் மாணவர்களும், ஓய்வு பெற்ற ஆடிட்டர்களும், வங்கி அதிகாரிகளும் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறார்கள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் உட்கார்ந்து, கேள்வியை ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் விளக்கி, விடையை ஆங்கிலத்தில் எழுதப் பழக்கினால் ஒரே ஆண்டில் மாற்றம் தெரியும்.

அடுத்தது இடம். அடையாற்றின் கரையில் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய அடைக்கலம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் காலையில் இடம் பிடிக்க நிற்பவர்களைப் பார்த்தால் இந்த நகரத்துக்கு எத்தனை மேசை தேவை என்பது புரியும். ஓர் அறையும் சமையல்கட்டுமான வீட்டில் தம்பி டி.வி. பார்க்க, பாட்டி இரும, படிக்கிற பிள்ளைக்கு மேசையும் விளக்கும் அமைதியும் தருவது ஓர் ஊர் செய்யக்கூடிய மிக மலிவான உதவி. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் குறைந்த கட்டணத்தில் படிக்க இடம் கிடைக்கிறது. மயிலாப்பூரிலும் மேற்கு மாம்பலத்திலும் இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் இப்படி ஓரிடம் வேண்டும். மாநகராட்சிப் பள்ளி வகுப்பறைகள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. காவலுக்கு ஓர் ஆள், விளக்குக்கு மின்சாரம், பொறுப்புக்கு ஒரு குடியிருப்போர் சங்கம் இருந்தால் போதும். வார்டு கவுன்சிலர்கள் மனது வைத்தால் அடுத்த மே மாதத் தேர்வுக்குள் ஒன்றிரண்டையாவது திறந்துவிடலாம்.

ஜனவரித் தேர்வுக்குப் பிள்ளைகள் தயாராகும் காலம் மார்கழி. மயிலாப்பூருக்கு அது கோலமும் திருப்பாவையும் கச்சேரியுமாகப் பொலியும் மாதம். அந்தப் பொலிவை நாங்களும் விரும்புகிறோம். ஆனால் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் உள்ளது. இரவு ஒரு மணி வரை படித்துவிட்டுப் படுத்த பிள்ளையை நாலரை மணிக்குக் கம்பத்தில் கட்டிய குழாய் எழுப்ப வேண்டாம். பக்தர்கள் கோயிலுக்குள் பாடட்டும், வீதியில் நடந்து பாடட்டும், ஆறு மணிக்கு மேல் ஒலிபெருக்கியும் பாடட்டும். கோயில் நிர்வாகிகளும் தெருக்காரர்களும் உட்கார்ந்து ஒருமுறை பேசினால் போலீஸ் வரத் தேவையில்லை. மெட்ரோ வேலையால் லஸ், மந்தைவெளி, அடையாறு, பனகல் பூங்கா எல்லாம் வழி மாறி மாறிக் கிடக்கும் இந்த ஆண்டுகளில், தேர்வு மையங்களுக்குப் போகும் வழியைப் போக்குவரத்துப் போலீஸ் முன்கூட்டியே அறிவிப்பதும் பெரிய உதவி. நீட் தேர்வு நாளில் காட்டும் அந்தக் கவனத்தை இவர்களும் பெறத் தகுதியானவர்கள்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஏனென்றால் தெரியாதவர்கள் யாரும் இல்லை. கல்யாண வீட்டில் “என்னப்பா, சி.ஏ. முடிச்சாச்சா?” என்று கேட்கும் மாமாக்களும் அத்தைகளும் அந்தக் கேள்வியை இனிக் கேட்க வேண்டாம். பிள்ளையே சொல்லும்போது கேட்டுக்கொள்ளுங்கள். ரிசல்ட் வரும் நாளில் எதிர்வீட்டுப் பெண் முதல் அட்டெம்ப்டிலேயே தேறிய கதையை எடுக்காதீர்கள். பிள்ளை பேசாமல், சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். 104 எண்ணிலும் 14416 எண்ணிலும் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது; அழைப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

கடைசியாக, தேறாமல் நிற்பவர்கள். இன்டர் தேறி, பயிற்சி முடித்து, ஃபைனலில் ஒரு குரூப்பிலோ இரண்டிலுமோ நின்றுவிட்டவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர். ஒரு கட்டத்துக்கு மேல் அவர்கள் தங்கள் படிப்பைப் பற்றியே பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். தணிக்கை தெரியும், வரி தெரியும், கம்பெனிச் சட்டம் தெரியும். வேலைக்குப் போகும் இடத்தில் வெறும் பி.காம். என்று சம்பளம் பேசுகிறார்கள். நம் கடைகளும் மருத்துவமனைகளும் பள்ளி நிர்வாகங்களும் கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடும்போது ‘சி.ஏ. இன்டர் தேறி ஆர்ட்டிகிள்ஸ் முடித்தவர்’ என்று தனியாகக் குறிப்பிட்டு, அதற்குரிய சம்பளத்தையும் போட வேண்டும். தேர்வுக்கு முந்தைய ஒரு மாதம் சம்பளத்தோடு விடுப்பும் தந்தால், அவர்களில் பலர் மறுபடி ஹால் டிக்கெட் எடுப்பார்கள்.